மகள் தலையில் அடித்த சத்தியம்

முதல் தடவை வலி வந்தபோது என் மகளுக்குப் பதினொரு வயது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கடற்கரைச் சாலையில் அந்த நேரத்தில் வண்டி விடமாட்டார்கள். பள்ளிக்கூடப் போட்டிக்காக அவள் அங்கே ஓடிப் பழகினாள். நான் அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டி வந்தவள் சட்டென்று நின்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு கை நடு நெஞ்சில் இருந்தது. நான் ஓடிப்போய்ச் சேருவதற்குள் முகம் வெளுத்துவிட்டது. நெற்றியெல்லாம் வேர்வை, ஆனால் தொட்டால் சில்லென்று இருந்தது. நாள் முழுக்க ஐஸ் தொடுகிற கை என்னுடையது. அந்தக் கைக்கே சில்லென்று பட்டது.

"இன்னாம்மா பண்ணுது?"

"உள்ள யாரோ கைய வுட்டுப் புழியிற மாரி இருக்குதுப்பா."

நான் எண்ண ஆரம்பித்தேன். பயம் வந்தால் எண்ணுவது என் வழக்கம். நூற்று இருபது வருவதற்குள் வலி போய்விட்டது. முகத்தில் நிறம் திரும்பியது. எழுந்து பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லாத. சொன்னீன்னா நீ ஐயய்யோன்னு கத்துவ, அம்மா உன்னத் திட்டும், கடசில ரெண்டு பேரும் சேந்து என்ன ஓட வுட மாட்டீங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் நான் ஐஸ் உடைக்கிறேன், கடலுக்குப் போகிற படகுகளில் குழாய் போட்டுத் தண்ணீர் நிரப்புகிறேன். அங்கே எனக்கு 'ஐயய்யோ' என்றுதான் பெயர். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவன். என் அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடலுக்குப் போகிறார்கள். நான் ஒரே ஒரு முறை போய், கரை கண்ணில் மறைந்ததும் வாந்தி எடுத்து அழுது, அவர்கள் பாதி வழியில் படகைத் திருப்ப வேண்டியதாகிவிட்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதும் பயத்தில்தான். பரீட்சை எழுதப் போன நேரத்தில் வீட்டில் யாராவது செத்துப்போயிருந்தால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே பேப்பரை வெள்ளையாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"இன்னா ஐயய்யோ, இன்னிக்கி ஐஸு ரொம்ப சில்லுன்னு இருக்குது. ஜொரம் வந்துடப் போவுது, பாத்து ஒட!" படகுக்காரர்கள் தினமும் இதையே சொல்வார்கள், தினமும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மகள் பிறந்த பிறகு பயத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது. கொய்யா விதையை முழுங்கிவிட்டாள் என்று தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். நாய்க்குட்டி காலை நக்கியது என்று ஊசி போடச் சொல்லி ஆஸ்பத்திரியில் சண்டை போட்டிருக்கிறேன். நாலு வயதில் ஒரு நாள் அவள் விடாமல் கொட்டாவி விட்டாள். அதற்கும் போனேன். என் மனைவி ரெட்டியார்பாளையத்தில் தெருத்தெருவாக மீன் விற்கிறவள். மீன் வாங்க வருகிறவர்களிடம் அவள் இன்றைக்கும் சொல்லுவாள்: "கொட்டாவிக்கு ஆஸ்பத்திரி போன ஒரே ஆம்பள எங்கூட்டுக்காருதான்."

அதனால், நெஞ்சு வலி என்று நான் வீட்டில் சொன்னபோது அவள் மீன் செதிலைத் தேய்ப்பதைக்கூட நிறுத்தவில்லை.

"பதினோரு வயசுப் புள்ளைக்கு நெஞ்சு வலியா? உனக்கு வந்திருந்தாகூட ஊட்டுக்கு ஒரு நல்லது நடந்திருக்கும்."

ஆனாலும் மறுவாரம் நான் மகளை முதலியார்பேட்டையில் ஒரு குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனேன். போகிற வழியெல்லாம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். உள்ளே போனதும் நகம் வெளுத்திருப்பதைச் சொன்னேன், தூக்கத்தில் பேசுவதைச் சொன்னேன், முடி கொட்டுவதை, சாப்பிட நேரமாவதை, நாய்க்குட்டியை எல்லாம் சொன்னேன். நெஞ்சு வலி ஆறாவதாக வந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய ஒக்காருங்க. பாப்பாவே சொல்லட்டும்."

வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவுக்குப் பதில் திரைதான். பேச்சு தெளிவாகக் கேட்டது.

"வலி எப்பம்மா வருது? ஓடும்போதா, சும்மா இருக்கும்போதா?"

"சும்மா இருக்கும்போதுதான் டாக்டர். பாடம் படிச்சிக்கினு இருப்பேன், அப்ப வரும்."

"ஓடும்போது?"

"ஓடும்போது வந்ததே இல்ல."

நான் எழுந்துவிட்டேன். நர்சம்மா கையால் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். இன்றைக்கும் பல நாள் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றும்.

டாக்டர் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஈ.சி.ஜி. எடுத்தார். அதில் ஒரு கோணலும் இல்லை. என்னை உள்ளே கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு வருகிற நெஞ்சு வலி பெரும்பாலும் எலும்பும் சதையும் சம்பந்தப்பட்டது, இதயத்திலிருந்து வருவது அபூர்வம் என்றார். "ஆனா ஓடும்போது வலி வந்தா, இல்ல மயக்கம் போட்டா, ஒடனே கூட்டிட்டு வரணும்."

"ஓடும்போதுதான் சார் வருது," என்றேன்.

டாக்டர் மகளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். "இல்ல டாக்டர். அப்பா எல்லாத்துக்கும் பயப்படுவாரு. கொட்டாவிக்குக்கூட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனாரு."

நர்சம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரும் சிரித்துவிட்டார். என் மகள் எல்லாரையும் சிரிக்க வைத்த பெருமையோடு என்னைப் பார்த்தாள். அங்கேயும் நான் சிரித்தேன்.

வீட்டில் என் மனைவி வேறு வழி வைத்திருந்தாள். புள்ளைக்குத் தொக்கம் விழுந்திருக்கிறது என்றாள். தின்றது எதுவோ செரிக்காமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்பதைத்தான் எங்கள் பக்கம் தொக்கம் என்பார்கள். அதை எடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. கருவடிக்குப்பம் பக்கம் ஒரு அம்மாவிடம் மகளைக் கூட்டிப்போனாள். அந்த அம்மா வயிற்றைத் தடவி, தொண்டையை நீவி, வாயில் ஊதி, கடைசியில் உள்ளங்கையில் எதையோ துப்பிக் காட்டினாளாம். என் மனைவி அதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் பிரித்து வைத்தாள். முடி சுற்றிய ஒரு துண்டு எறா ஓடு.

"பாத்துக்க. இதான் உன் மகளோட நெஞ்சு வலி."

"இப்ப எப்பிடி இருக்குது?" என்று மகளைக் கேட்டேன்.

"சுத்தமா இல்லப்பா. காத்து மாரி இருக்குது," என்றாள்.

நான் நம்பினேன். எனக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது. அந்த எறா ஓட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்த் துறைமுகத்தில் எல்லாருக்கும் காட்டினேன். மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் நிம்மதியாகத் தூங்கியது அந்த மூன்று வாரம்தான்.

நாலாவது வாரம் கடற்கரைச் சாலையில் அவள் திரும்பவும் உட்கார்ந்தாள். இந்தத் தடவை நூற்று எண்பது எண்ணினேன். வீட்டுக்கு வந்து, அக்கம்பக்கம் கேட்கக் கத்தினேன். மகள் ஓடக் கூடாது, இனிமேல் பள்ளிக்கூடத்துக்குக்கூட நடந்து போகக் கூடாது என்றெல்லாம் கத்தினேன். மகள் அழுதாள். அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்து பி.டி. மிஸ் வீட்டுக்கு வந்து, இப்படியே ஓடினால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், படிப்பு சாப்பாடு எல்லாம் அங்கேயே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

என் மனைவி கத்தவில்லை. அவள் கத்தாதபோதுதான் எனக்குப் பயம் அதிகம். மகளை இழுத்து என் எதிரே நிறுத்தினாள். என் வலது கையைப் பிடித்து மகளின் தலையில் வைத்தாள்.

"சத்தியம் பண்ணு."

"இன்னான்னு?"

"இனிமே இவ நெஞ்சப் பத்தி யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு. டாக்டர்கிட்ட, மிஸ்ஸுகிட்ட, என்கிட்ட, யார்கிட்டயும். என் தலையப் பாரு, கூடை தூக்கித் தூக்கி நடு மண்டையில முடியே இல்ல. இவளும் இத தூக்கணுமா? உன் பயத்த நீ தின்னு. எம் புள்ளைக்கு ஊட்டாத."

எங்கள் குப்பத்தில் போலீசிடம் பொய் சொல்வார்கள், கோயிலில்கூடப் பொய் சொல்வார்கள். பிள்ளை தலையில் கை வைத்துப் பொய் சொல்ல மாட்டார்கள். மீறினால் அந்தத் தலை போய்விடும். இதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். மகளே என் மணிக்கட்டைப் பிடித்து, தன் உச்சந்தலையில் அழுத்திக்கொண்டாள்.

"சொல்லுப்பா."

சொன்னேன். அடித்துச் சத்தியம் செய்தேன்.

அதன் பிறகு வந்த மாதங்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வலி வந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு முன்னால் அதை மறைக்கக்கூட அவள் மெனக்கெடவில்லை. எனக்குத்தான் வாய் இல்லையே. ஓடி வந்து நிற்பாள், நெஞ்சைப் பிடிப்பாள், வெளுப்பாள், வேர்ப்பாள். நான் பாட்டிலை நீட்டுவேன். வலி போனதும் குடித்துவிட்டுத் திரும்ப ஓடுவாள். பேசினால் சத்தியம் அவளைக் கொல்லும். பேசாவிட்டால் அந்த வலி கொல்லும். இரண்டில் எது முதலில் வரும் என்று ஐஸ் உடைக்கும்போதெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வாய்தானே திறக்கக் கூடாது என்று, வீட்டுச் சுவரில் தொங்குகிற மாதக் காலண்டரில், முன்பு வந்த இரண்டு நாளையும் சேர்த்து, வலி வந்த நாளில் எல்லாம் ஒரு புள்ளி வைத்தேன். எத்தனை எண்ணினேனோ அதைப் பக்கத்தில் பொடியாக எழுதினேன். யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் அவளுடைய ஷூவை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்துவிட்டாள். கூடத்துக்கு நடுவில் வந்து நின்று, என்னை மாதிரியே தோளைக் குறுக்கிக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து, "ஐயய்யோ, போச்சு, போச்சு, எம் புள்ள போச்சு," என்று தள்ளாடினாள். பிறகு கண்ணைச் சொருகி, நாக்கை வெளியே தள்ளி, தரையில் விழுந்து கிடந்தாள். என் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "இன்னொரு தபா பண்ணுடி," என்றாள். மகள் இன்னொரு தரம் விழுந்து காட்டினாள். அதன் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் செய்து காட்டச் சொல்வார்கள். நன்றாகவே விழுவாள்.

போட்டி நாள் வந்தது. நானூறு மீட்டர். மைதானத்தில் கம்பி வேலிக்கு வெளியே நானும் என் மனைவியும் நின்றோம். அன்றைக்கு அவள் மீன் எடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கோட்டில் குனிவதற்கு முன்னால் மகள் எங்கள் பக்கம் திரும்பினாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து, ஒரு விரலால் தன் உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

எனக்குப் புரிந்தது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் பாதி வரை இரண்டாவதாக வந்தாள். கடைசி வளைவில் முந்தினாள். என் மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்தினார்கள். அப்போது மகளின் கை நெஞ்சுக்குப் போனது. இன்னும் நாலைந்து அடி ஓடினாள். விழுந்தாள்.

தடுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். அவள் ஊன்றவில்லை. முகம் குப்புற மண்ணில் போய் மோதியது. இதைச் சொல்லத்தான் வேண்டும்: கூடத்தில் விழுந்து காட்டுவாளே, அந்த மாதிரி எனக்காகத்தான் செய்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். எல்லார் முன்னாலும் என்னைக் கேலி செய்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. எழுந்திருப்பாள் என்று எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று வரை எண்ணியிருக்கிறேன்.

பன்னிரண்டாவதில் பி.டி. மிஸ் வேலிக்கு உள்ளே என்னைத் தாண்டி ஓடினாள். மகளைப் புரட்டிப் போட்டு, மூச்சைப் பார்த்து, இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சின் நடுவில் வைத்து அமுக்க ஆரம்பித்தாள். அவளும் சத்தமாக எண்ணிக்கொண்டேதான் அமுக்கினாள். என் எண்ணிக்கை யாருக்கும் உதவவில்லை. அவளுடையது என் மகளை ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் பிடித்து வைத்தது. வந்தவர்கள் பெட்டியைத் திறந்து நெஞ்சில் ஷாக் வைத்தார்கள். உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. பிறகு மூச்சு வந்தது.

"முன்னாடி எப்பயாச்சும் நெஞ்சு வலி, மயக்கம், இந்த மாதிரி ஏதாச்சும் சொல்லிருக்குதா?" ஆம்புலன்சில் வந்தவர் கேட்டார்.

"இல்லீங்க," என்றாள் என் மனைவி. "நல்லாத்தான் இருந்தா. தங்கமா இருந்தா."

நான் என் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டாள். என் மனைவி அதே பதிலைச் சொன்னாள். டாக்டரம்மா விடவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஓடும்போது வலி வந்திருந்தா நாங்க தேட வேண்டிய எடமே வேற. எங்க தேடணும்னு எங்களுக்குத் தெரியணும்."

"அது உயிரோடதான இருக்குது?" என்று நான் கேட்டேன்.

"இருக்கா."

"இப்ப?"

"இப்பவும் இருக்கா. நீங்க அப்பாவா?"

நான் சொல்லிவிட்டேன். ஓடும்போதுதான் வரும், வேறு எப்போதும் வராது என்றேன். பதினேழு தடவை என்றேன். முதல் தடவை நூற்று இருபது, அடுத்தது நூற்று எண்பது, கடைசியாக வந்தது முந்நூறைத் தாண்டியது, எல்லாம் வீட்டுக் காலண்டரில் புள்ளி வைத்திருக்கிறேன் என்றேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சொல்லி முடித்ததும், "கொஞ்சம் உள்ள போயி, மூச்சு வுடுதான்னு ஒரு தபா பாத்துட்டு வாங்க," என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் நிஜமாகவே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இருக்கா. ஏன் சார், இவ்ளோ தெரிஞ்சும் ஒரு டாக்டர்கிட்ட சொல்லல?"

"சத்தியம் பண்ணிட்டேங்க."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் என் மனைவியிடம் கேட்டாள்.

என் மனைவி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்தாள். "அந்தப் புள்ளியெல்லாம் கேஸ் சிலிண்டர் கணக்குன்னு நெனச்சேனே! பதினேழு தபாவா? பதினேழு தபா பாத்துக்கினு சும்மா நின்னியா? நீயெல்லாம் ஒரு அப்பனா?"

"நீதான சத்தியம் வாங்குன."

"நான் ஆயிரம் வாங்குவேன். நீ மீற வேணாமா? ஆம்பளயா இருந்தா மீறியிருப்ப."



முதலில் இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். அதில் ஏதோ சந்தேகமாகத் தெரிகிறது என்றார்கள். பிறகு நரம்பில் மருந்து ஏற்றி, பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்து எடுத்தார்கள். மூன்றாம் நாள் இதய டாக்டர் படுக்கைக்குப் பக்கத்திலேயே வந்து சொன்னார். மகள் விழித்திருந்தாள். அமுக்கியதில் விலா வலித்தது, முகமெல்லாம் சிராய்ப்பு, ஆனால் காது நன்றாகக் கேட்டது.

டாக்டர் ஒரு சீட்டின் பின்பக்கம் படம் போட்டார். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய் இரண்டு. ஒன்று இடப்பக்கத்துக்கு, ஒன்று வலப்பக்கத்துக்கு. இவளுக்குப் பிறவியிலேயே இடப்பக்கத்துக் குழாய் தப்பான இடத்திலிருந்து, வலப்பக்கத்திலிருந்து கிளம்பியிருக்கிறது. சேர வேண்டிய இடத்துக்குச் சேர, இரண்டு பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவில் புகுந்து போகிறது. சும்மா இருக்கும்போது தொந்தரவில்லை. ஓடும்போது அந்தப் பெரிய குழாய்கள் விம்மும், நடுவில் மாட்டிய குழாய் நசுங்கும். இதயத்துக்கு ரத்தம் எப்போது ரொம்பத் தேவையோ சரியாக அப்போது ரத்தம் நிற்கும். சும்மா படுக்க வைத்து எடுக்கிற ஈ.சி.ஜி.யில் இது தெரியாமல் போகலாம்.

என் மனைவிக்குப் புரியவில்லை. எனக்கு உடனே புரிந்தது. துறைமுகத்தில் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருப்பார்கள். வெளியே நிற்கிற படகுக்குத் தண்ணீர் கொடுக்க, இரண்டு படகுக்கு நடுவில் குழாயை விட்டு இழுப்பேன். அலை இல்லாத வரை தண்ணீர் ஓடும். அலை எழும்பினால் படகு இரண்டும் மோதும், குழாய் நசுங்கும், அந்தப் பக்கம் தண்ணீர் நின்றுபோகும். அலை அடங்கியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்ப ஓடும். இருபது வருஷமாகத் தினம் பார்க்கிற விஷயம்.

அதை டாக்டரிடம் சொன்னேன். "கரெக்ட். அதேதான்," என்றார். என்னை யாரும் கரெக்ட் என்று சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. என்னை அறியாமல் வாய் விரிந்துவிட்டது. மனைவி பக்கம் திரும்பி, "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல?" என்றேன். அத்தோடு நிற்காமல் மகள் பக்கமும் திரும்பி, "சொன்னேன்ல?" என்றேன்.

அந்தச் சிரிப்பை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எண்ணவில்லை. எனக்குள் பயம் சுத்தமாக இல்லை. பிள்ளையின் இதயம் கோணல் என்று காதில் விழுந்த நேரத்தில், என் வாழ்நாளில் இல்லாத அளவுக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்.

மகள் தலையணையிலிருந்தே என்னைப் பார்த்தாள்.

"சந்தோஷமா இருக்கியாப்பா?"

குரலில் கேலி இல்லை. அதுவரை என்னைப் பற்றி அவள் கேலியில்லாமல் கேட்ட கேள்வியே கிடையாது. டாக்டர் சீட்டை மடித்துக்கொண்டு வெளியே போனார். என் மனைவி சுவரைப் பார்த்து நின்றாள்.

சென்னையில் ஆபரேஷன் நடந்தது. நெஞ்செலும்பைத் திறந்து, அந்தக் குழாய் நசுங்காமல் வாயை அகலப்படுத்தி வழி செய்திருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே ஆரம்பித்து நேராக இறங்குகிற தழும்பு இருக்கிறது. பல மாதம் ஓட்டம் கூடாது என்றார்கள். விடுதியில் அந்த வருஷ இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. தெருப்பிள்ளைகள் அவளை 'ஜிப்பு' என்று கூப்பிட்டார்கள். அவள் அழவில்லை. என்னைக் காட்டி, "என்ன ஏன்டா சொல்றீங்க, அதோ போறாரு பாரு, அவரு செத்துப்போவன்னு சொல்லிச் சொல்லியே எனக்கு வர வெச்சாரு," என்றாளாம். பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இது பிறவியிலேயே இருந்தது என்று டாக்டர் அத்தனை தரம் சொன்னது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள்.

போன மாதம் டிரெட்மில்லில் ஓட வைத்து, திரும்பவும் ஸ்கேன் செய்து, மெதுவாக ஓட ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். வலி வந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், உடனே சொல்ல வேண்டும் என்று டாக்டர் அவளிடம் இரண்டு தரம் சொன்னார்.

மறுநாள் காலை கடற்கரைச் சாலைக்குப் போனோம். அவளுக்கு இப்போது பதிமூன்று நடக்கிறது. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு எழுந்தவளின் கையைப் பிடித்தேன். என் தலையில் வைத்தேன்.

"இன்னாப்பா இது?"

"சத்தியம் பண்ணு. வலிச்சா மறைக்காம சொல்லுவேன்னு."

அவள் என் தலையைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "உன் தலதான? அப்ப பரவால்ல," என்று சொல்லிவிட்டு, வலிக்கிற மாதிரியே ஓங்கி ஓர் அடி அடித்து, "சத்தியம்," என்றாள்.

ஓடினாள். நான் எண்ணினேன். சாலையின் கடைசி வரை போய்த் திரும்பினாள். பக்கத்தில் வந்து குனிந்து, முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினாள். ஒரு கை மேலே போய்த் தழும்பைத் தடவியது. முகத்தில் வேர்வை. வெளுத்திருந்ததா, வெயில் ஏறாத வெளிச்சத்தில் அப்படித் தெரிந்ததா, சொல்ல முடியவில்லை.

"வலிக்குதா?"

"இல்லியே," என்றாள். என் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பாட்டிலைப் பிடுங்கிக் குடித்துவிட்டுத் திரும்பவும் ஓடினாள்.

தினமும் ஓடுகிறாள். தினமும் கேட்கிறேன், தினமும் இல்லை என்கிறாள். அவள் பொய் சொன்னால் போகப்போவது என் தலை. காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இதை எழுதுகிற இன்றைய தேதி வரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்புகிறேன்.